இரண்டு கடல்களிலிருந்து அளந்த மலை

செவ்வாய்க்கிழமை மதியம்
இல்லாத ஏரி ஒன்று என் திரையில் தேங்கியது.

வரைபடத்தில் மழையை ஊற்றியிருந்தேன்,
ஆறு மணி நேரத்துக்கு நூற்றிருபது மில்லிமீட்டர்.
பள்ளம் கண்டால் பாய்கிற தண்ணீர்
இத்தாலிய எல்லைவரை ஓடிவந்து
பாஸ்போர்ட்டை மறந்துவிட்டவள்போல் நின்றது.
பிறகு பக்கவாட்டில் பரவத் தொடங்கியது.
வால்டர் ஹ்ராஸ்டின் புல்வயல் போயிற்று.
தேனீப் பெட்டிகளின் கால்கள் போயின.
தேவாலயத்தின் முதல் படி நனைந்தது.

அந்த வயல் எனக்குத் தெரியும்.
திங்கட்கிழமைகூட அங்கே வைக்கோல் புரட்டிக்கொண்டிருந்தார்,
பூட்ஸில் தூசியோடு.

எங்கள் மலையை எங்கள் விமானம்
லேசரால் தொட்டுத் தொட்டு எண்ணியது,
மீட்டருக்கு ஓர் எண்.
அந்தப்பக்கத்து மலையை
அவர்கள் விமானம், வேறொரு கோடையில்.
இரண்டையும் ஒட்டினேன்.
தையல் விழுந்த இடத்தில்
ஒரு சாண் உயரச் சுவர்,
மான்களும் காளான் பொறுக்குபவர்களும்
தினமும் தடுக்காமல் தாண்டிப்போகிற சுவர்.

எர்மெஸுக்குப் போன் போட்டேன்.
உங்கள் பூஜ்ஜியம் எந்தக் கடலில்?
"ஜெனோவாவில். உன்னுடையது?"
பழைய கோப்பு இது, ட்ரியெஸ்டெயில்.
சிரித்தார்.
"ஊர் எங்களிடம் வந்துவிட்டது, ஸ்டென்கா,
பூஜ்ஜியம் உங்களிடமே தங்கிவிட்டது."

அவர் சொன்ன சாணை எழுதிக்கொண்டேன்.
கழிக்க வேண்டியதைக் கூட்டினேன்.
சுவர் முழமானது.
சாண் ஏற முழம்,
யாரும் அறையில் இல்லை என்பது ஆறுதல்.
குறியை மாற்றினேன்.
ஏரி வடிந்தது.
வால்டரின் வைக்கோல் காய்ந்தபடியே இருந்தது,
அவருக்கு எதுவும் தெரியாமலே.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய மலையும் கையில் இருந்தது.
இன்றையதிலிருந்து அதைக் கழித்துப் பார்த்தேன்.
குறைந்தது சிவப்பு, கூடியது நீலம்.
கிழக்குச் சரிவெல்லாம் சிவப்பு,
மேற்குச் சரிவெல்லாம் நீலம்,
மலையே ஒட்டுமொத்தமாக
தூக்கத்தில் புரண்டு படுத்ததுபோல.
புரண்டது மலை இல்லை.
ஒரு தாள் இன்னொன்றின்மேல்
அரைக் கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தது.
தள்ளிவைத்தேன்.
நிறங்கள் உதிர்ந்தன.

மிச்சம் நின்ற நீலத்தில் பாதி பீச் மரங்கள்.
இலை விட்ட மரத்தைத்
தரை என்று நம்பியிருந்தது கணினி.
அவற்றையும் அழித்தேன்.
எங்கும் சாம்பல்.
எதுவும் நடக்காத ஒன்பது வருடம்,
அப்பாடா.

ஒரு புள்ளியைத் தவிர.

வால்டரின் வீட்டுக்கு மேலே
நகம் கீறியதுபோல் ஒரு சிவப்பு.
அதற்குக் கீழே
நாக்கு நீட்டியதுபோல் ஒரு நீலம்.
தாளை நகர்த்தினேன், நின்றது.
கடலை மாற்றினேன், நின்றது.
மரங்களை இரண்டாம் முறை வெட்டினேன்.
பிழை என்றால் இத்தனை பிடிவாதம் இருக்காது.

மேலே இரண்டு மீட்டர் நாற்பது இறங்கியிருக்கிறது.
கீழே ஒரு மீட்டர் தொண்ணூறு ஏறியிருக்கிறது.
நடுவில் காணாமல்போன அரை மீட்டரை
ஓடை கொண்டுபோயிருக்கும்.

மணி ஆறரை. வால்டர் எடுத்தார்.
பின்னணியில் ஏதோ தேய்க்கும் சத்தம்.
எப்படித் தொடங்குவது?
உங்கள் வயலை இன்று நான் மூழ்கடித்தேன்,
பிறகு மீட்டேன், என்றா?
மேல்புறத்து வேலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வேலிக்கு என்ன," என்றார்.
"கேட்தான் சாத்த வரவில்லை.
வருடா வருடம் ஏப்ரலில்
கொஞ்சம் இழைத்துவிடுகிறேன்.
இந்தத் தடவை ஜூலையிலேயே இடிக்கிறது.
மரம் ஈரத்தில் ஊதுகிறது போல."

எத்தனை வருடமாக?

தேய்க்கும் சத்தம் நின்றது.
இழைப்புளியை எங்கோ வைக்கிற ஓசை.

"நீ ஏன் கேட்கிறாய்?"